ஹாஃப் டைமிலேயே காலியாகும் ஸ்டேடியம்: ஒரு தங்கையின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். உங்களிடமிருந்து வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன். அவர் சொல்லும் ஃபுட்பால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்களைக் கல்லூரிக்குத் திரும்ப அழைக்கும் ஆட்ட நாள்.

“அண்ணா, நான் எங்கள் கல்லூரி மாணவர் மன்றத்தில் இருக்கிறேன். ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிற பொறுப்பு எங்கள் குழுவுக்கு. இலவச பீட்சா, டி-ஷர்ட் எல்லாம் கொடுக்கிறோம். வாங்கிக்கொண்டு ஹாஃப் டைமிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பழைய மாணவர்கள் ஹோம்கமிங் அன்றைக்கு மட்டும் வருகிறார்கள், அவர்கள் பாட்டுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். உற்சாகத்தை எப்படி வரவழைப்பது?”

நேராக விஷயத்துக்கு வருகிறேன் தங்கச்சி. ‘வந்து பாருங்கள்’ என்று கூப்பிட்டால் யாரும் கடைசி வரை இருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு டிவி போதும். ரீப்ளே இருக்கிறது, நிழல் இருக்கிறது, கழிப்பறைக்கு வரிசை கிடையாது. ஸ்டேடியத்துக்கு வருகிறவருக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கப் போனவன் பாதி வீதியில் வடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவானா? அவன் கை அதில் இருக்கிறது, அதனால் நிலைக்கு வரும் வரை நிற்கிறான்.

நான் மாஸ்டர்ஸ் படித்தது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில். போன புதிதில் அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூட எனக்குத் தெரியாது. லேபில் இருந்த சீனியர் ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, “வா, நாளைக்கு என்ன கத்த வேண்டும் என்று இன்றைக்குப் பழக வேண்டும்” என்று கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் மறுநாள். முந்தின நாள் நள்ளிரவில் கைல் ஃபீல்ட் என்ற அந்த ஸ்டேடியத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள், எதற்கு? சத்தம் போட ஒத்திகை பார்ப்பதற்கு. அதற்கு மிட்நைட் யெல் என்று பெயர்.

மறுநாள் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர். யெல் லீடர்கள், அதாவது கூட்டத்தைக் கத்த வைப்பவர்கள், ஐந்து பேர், மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், கீழே நின்று கையால் ஒரு சைகை காட்டினார்கள். முதல் வரிசை அப்படியே திரும்பி இரண்டாம் வரிசைக்கு அதைக் காட்டியது. இரண்டாம் வரிசை மூன்றாம் வரிசைக்கு. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, நான் அதைப் பின்னால் இருப்பவருக்குக் காட்டுகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். காட்டினேன். என் கை வழியாகத்தான் அது மேல் அடுக்குக்குப் போயிற்று. அப்புறம் எல்லாரும் முட்டியில் கை வைத்துக் குனிந்து ஒரே குரலில் கத்தினோம். ஸ்கோர் என்ன என்றே எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் நான் போயிருந்தால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருக்கும் என்பது மட்டும் புரிந்தது.

அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காருவதே இல்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2, டல்லஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். ஏ அண்ட் எம் பக்கம் வரிசையாகக் காயம், மாற்று ஆட்களே தீர்ந்துபோகும் நிலை. மேலே பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கூப்பிட்டு, சீருடை போட்டுத் தயாராக நில் என்றார். அவர் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். கடைசி வரை அவரை இறக்கவே இல்லை, அணி 22-14 என்று ஜெயித்தது. மைதானத்தில் ஆடுவது பதினொரு பேர், அவர்தான் ‘பன்னிரண்டாவது ஆள்’. தேவைப்பட்டால் நானும் இறங்குவேன் என்பதற்கு அடையாளமாகத்தான் இன்றுவரை மாணவர்கள் நிற்கிறார்கள். நிற்பதுதான் அவர்களுடைய வேலை. இதற்கு ஒரு காசு செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் கல்லூரிக்கு வருவோம். முதலில் கூட்டத்தைச் சிதற விடாதீர்கள். ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில் நூறு பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்தால் இழவு வீடு மாதிரி இருக்கும். அதே நூறு பேரைச் சின்னக் கூடத்தில் வைத்தால் காது கிழியும். மாணவர்கள் எல்லாரையும் ஒரே பிளாக்கில், அதுவும் பேண்ட் வாத்தியக் குழுவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேண்டுக்காரர்கள் எப்படியும் கடைசி வரை இருப்பார்கள், சத்தம் போடவும் கூச்சப்பட மாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்பவருக்கும் கூச்சம் போய்விடும்.

அடுத்தது, பாதியில் கிளம்புவது. அணி ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். நிக் சேபன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் அலபாமா பல்கலைக்கழக அணியைவிட ஜெயித்த அணி உண்டா? அங்கேயே மாணவர்கள் நடுவில் கிளம்புகிறார்கள் என்று அவர் வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2019-ல் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி வரை இருந்தால் இன்னும் 250 புள்ளி, அதை வைத்துப் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. மாணவர் போனில் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக் கணக்குப் போடும் ஏற்பாடு. எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. புள்ளிக்காக உட்கார்ந்திருப்பவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீங்கள் கொடுக்கும் பீட்சாவும் அப்படித்தான்.

மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடப்பதைப் பாருங்கள். 1998-லிருந்து மூன்றாம் குவார்ட்டர் முடிந்து நான்காவது தொடங்கும் இடைவெளியில் ஒரே ஒரு பாட்டு போடுவார்கள். மாணவர் பகுதி மொத்தமும் குதிக்கும். அதற்கு முன்னால் கிளம்ப யாருக்கு மனது வரும்? 2003-ல் கட்டட வேலை நடக்கிறது, பாதுகாப்பு முக்கியம் என்று நிர்வாகம் நிறுத்தியபோது, மாணவர்கள் பெரிய எதிர்ப்புத் தெரிவித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதில் சூட்சுமம் நேரம்தான். அறுபது நிமிட ஆட்டம் விளம்பர இடைவேளையெல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் இழுக்கிறது. எங்கே தொய்வு விழுகிறதோ அங்கே உங்கள் ஆள்கள் செய்யப்போகும் காரியத்தை வையுங்கள். எல்லா நல்லதையும் ஆட்டத்துக்கு முன்னாலேயே, ஸ்டேடியத்துக்கு வெளியே கார்களைச் சுற்றி நடக்கும் டெய்ல்கேட் விருந்திலேயே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்களை மறந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஃபுட்பால் புரியவில்லை என்ற ஒரே காரணத்தால் நான்கு வருடமும் ஸ்டேடியம் பக்கம் போகாமல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள்! நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் போதும். முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் கூப்பிட்டு விதியையும் கல்லூரிப் பாட்டையும் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்தவரே சனிக்கிழமை அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போகட்டும். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார், அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது பழைய மாணவர்கள். 1911-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில், கேன்சஸோடு நடக்கும் ஆட்டம் முதல் முறையாகக் கொலம்பியாவில் தங்கள் வளாகத்திலேயே நடக்கப்போகிறது என்றபோது, செஸ்டர் புரூவர் என்ற விளையாட்டு இயக்குநர், வீட்டுக்கு வாருங்கள் என்று பழைய மாணவர்களை அழைத்தார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆட்டம் 3-3, யாரும் ஜெயிக்கவில்லை. ஹோம்கமிங் எங்கே தொடங்கியது என்பதில் இல்லினாய், பெய்லர் என்று வேறு ஊர்களுக்கும் உரிமை உண்டு, அது இருக்கட்டும். அழைத்த முறையைப் பாருங்கள். ‘அன்புள்ள முன்னாள் மாணவருக்கு’ என்று பத்தாயிரம் பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். நீங்கள் அழைக்கும் பழைய மாணவர் ஒருகாலத்தில் மூன்றாம் மாடி ஹாஸ்டல் பையனாக இருந்தார், டிரம் வாசித்தார், மாணவர் பத்திரிகை நடத்தினார். அந்தப் பெயரால் கூப்பிடுங்கள், வந்தவுடன் அந்த வேலையையே திரும்பக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக பேண்ட், மைதானத்தில் நடந்துகொண்டே ‘ஒஹாயோ’ என்று கூட்டெழுத்தில் எழுதும். 1936-லிருந்து நடக்கிறது. சூசஃபோன் என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஒருவர் கடைசியில் நடந்துபோய் ‘ஐ’ (i) எழுத்துக்குப் புள்ளியாக நின்று ஸ்டேடியத்தின் இரண்டு பக்கமும் குனிந்து வணங்குவார். பழைய பேண்ட் மாணவர்கள் ஒன்றுகூடும் ஆட்டத்தன்று தலை நரைத்தவர்களும் வாத்தியத்தோடு மைதானத்துக்கு வந்து அதே எழுத்தை எழுதுகிறார்கள். உங்கள் கல்லூரியில் பழைய பேண்ட் ஆள்கள் நாற்பது பேர் கிடைக்க மாட்டார்களா? அவர்களை ஓரத்தில் உட்கார வைக்காமல், மாணவர் பிளாக்குக்குப் பின்னால் நிறுத்தி ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கும் வேலை கொடுக்கலாம். 1977-ல் கிளெம்சன் பல்கலைக்கழக ரசிகர்கள் அட்லாண்டாவுக்குப் போனபோது, அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக் அவர்களோடு ஆடுவதை நிறுத்தப்போகிறது என்ற நிலை. போனவர்கள் தங்கள் அணிச் சின்னமான புலிப் பாத முத்திரை குத்திய 2 டாலர் நோட்டாகவே ஊரெல்லாம் செலவு செய்தார்கள், தங்களால் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று கடைக்காரர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அறுபது வயதுக்காரர் பர்சில் அந்த நோட்டை எடுத்து வைக்கிறபோதே அவருக்கு ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

கடைசியாக அயோவா. அயோவா சிட்டியில் அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மேல் மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். ஒரு ரசிகர் சொன்ன யோசனையில் 2017-ல் தொடங்கியது: முதல் குவார்ட்டர் முடிந்ததும் ஸ்டேடியம் முழுக்கத் திரும்பி அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கை அசைக்கிறது. வந்த அணியும் நடுவர்களும் சேர்ந்து அசைக்கிறார்கள். ஒருமுறை நான் அங்கே இருந்தேன். எதிர் அணிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கைகள் அசைந்தன.

இதை நகல் எடுக்காதீர்கள் தங்கச்சி, அது அவர்களுடையது. உங்கள் ஸ்டேடியத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். மணிக்கூண்டு தெரிகிறதா, ரயில் போகிறதா, ஆறு ஓடுகிறதா? அந்த ரயில் கூவும்போது நீங்களும் கூவலாம். இதற்கு மன்றத்தில் தீர்மானம் போட வேண்டியதில்லை. ஒரு ஹாஸ்டல் தளத்து நாற்பது பேரை முதலில் பிடியுங்கள், பேண்ட் மாஸ்டரைப் பார்த்துப் பக்கத்து பிளாக்கைக் கேளுங்கள், வரும் மூன்று உள்ளூர் ஆட்டத்துக்கும் அதே நாற்பது பேர் கடைசி விசில் வரை நிற்கட்டும். எதிர் அணியைக் கேவலமாகத் திட்டக் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.