பாலஸ்தீன ஆலிவ் எண்ணெய்: கூடக் கொடுக்குற காசு விவசாயிக்குப் போகுதா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரர் கேக்குறார்: "லண்டன்ல இருக்கிற என் மச்சான் ஃபேர்ட்ரேட் முத்திரை போட்ட பாலஸ்தீன ஆலிவ் எண்ணெய்தான் வாங்குறான். விலை ரொம்பக் கூட. அந்தக் காசு விவசாயிக்குப் போகுதா? அதுக்கு நேரா நன்கொடையே கொடுத்துடலாமே?"

மச்சான் தாராளமா வாங்கட்டும். ஆனா தர்மம்னு நெனச்சு வாங்க வேண்டாம், அது வியாபாரம்.

நாம பேசுறது இஸ்ரேல் ஆக்கிரமிப்புல இருக்கிற பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையைப் பத்தி. ஜெனின், நாப்லுஸ் பக்கம் மலைச்சரிவுல மானாவாரியா நிக்கிற தோப்புங்க. 2000ல ரெண்டாவது இன்திஃபாதா, அதாவது இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி, ஆரம்பிச்சு, சோதனைச் சாவடி, ஊரடங்குன்னு ஆனப்ப எண்ணெய் வெளிய போக வழியில்லை. விலை படுத்துருச்சு. அப்பதான் ஜெனின் பக்கத்துக்காரர் நாசர் அபூஃபர்ஹா, அமெரிக்காவுல மானுடவியல் படிச்சவர், 2004ல பாலஸ்தீன நியாய வணிகச் சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் பிரிட்டன்ல ஸைத்தூன்னு ஒரு அமைப்பு இந்த எண்ணெயை வாங்கி விக்க வந்துச்சு. 2009ல, உலகத்துலயே முதல்முதலா ஃபேர்ட்ரேட் முத்திரை வாங்கின ஆலிவ் எண்ணெய் பாலஸ்தீனத்தோடதுதான்.

காசு விஷயத்துக்கு வர்றேன். ஃபேர்ட்ரேட், அதாவது நியாய வணிக முத்திரையோட விதிப்படி, சந்தை எவ்வளவு சரிஞ்சாலும் ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழ வாங்கக் கூடாது. அதுக்கு மேல பிரீமியம்னு ஒரு தொகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், எதுல செலவு பண்ணலாம்னு உறுப்பினர்களே முடிவு பண்ணுவாங்க. அதுக்காகக் கடையில கூடக் கொடுக்குறது மொத்தமும் தோப்புக்குப் போயிருதுன்னு நெனைக்காதீங்க. சாவடியில ஒரு லாரியிலேர்ந்து இறக்கி இன்னொண்ணுல ஏத்தணும், இஸ்ரேல் துறைமுகம் வழியா கப்பல் ஏறணும், பாட்டிலு, கடைக்காரர் லாபம். எல்லாம் அந்த விலைக்குள்ளதான்.

என்னைக் கேட்டா, விலையை விடப் பெரிய மாத்தம் தரத்துல நடந்தது. முன்னல்லாம் பறிச்ச காயைப் பிளாஸ்டிக் சாக்குல கட்டிப் போட்டுருவாங்க. ஆலையில முறை வர நாள்கணக்காகும். உள்ள சூடேறிப் புளிச்சு, எண்ணெய்ல அமிலம் ஏறிரும். எக்ஸ்ட்ரா வர்ஜின்னு, அதாவது முதல் தரம்னு விக்கணும்னா அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால இப்ப காத்தோட்டமான கிரேட்டுல அடுக்கி, முடிஞ்சா அன்னிக்கே அரைச்சு, எவர்சில்வர் தொட்டியில வைக்கிறாங்க. மரம் அதேதான், காயும் அதேதான். நன்கொடை கொடுக்குறவர் அமிலம் எவ்வளவுன்னு கேக்க மாட்டார், வாங்குறவர் கேப்பார்.

இன்னொண்ணு, ஆலிவ் ஒரு வருஷம் கொட்டிக் காய்ச்சா மறு வருஷம் ஓஞ்சுரும். அதனால வருஷா வருஷம் தொடர்ந்து வாங்குற கைதான் முக்கியம். அமெரிக்காவுல டாக்டர் பிரானர்ஸ்னு ஒரு சோப்புக் கம்பெனி, சோப்புக்கு வேண்டிய ஆலிவ் எண்ணெய்ல பெரும்பகுதியை இங்கேர்ந்துதான் வாங்குறாங்க. பெண்கள் கூட்டுறவுகள் கையால உருட்டுற மஃப்தூல்ங்கிற கோதுமைக் குருணைகூட இதே வழியில வெளிநாடு போகுது.

ஆனா முத்திரையால தோப்புக்கு வழி திறக்க முடியாது. இஸ்ரேல் கட்டின தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தோப்பு மாட்டிக்கிட்டவங்களுக்கு அனுமதிச் சீட்டு வேணும், சுவர்ல இருக்கிற கேட்டையும் திறந்து விடணும். 2023 அக்டோபர்ல காசா போர் ஆரம்பிச்சப்ப, சரியா அறுவடை நேரத்துல, நிறைய பேர் காயை மரத்துலயே விட்டுட்டாங்க. அங்க குடியேறின இஸ்ரேலியர்கள் மரத்தை வெட்டுறதும், பறிக்கப் போறவங்களை அடிக்கிறதும் தனி. பறிக்காத காய்க்கு எந்த ஒப்பந்தமும் விலை கொடுக்காது. அந்த மாதிரி வருஷத்துக்கு நீங்க சொன்ன நன்கொடை கட்டாயம் வேணும், மறுநடவுக்கும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு பாக்காதீங்க.

சரி, அடுத்த கேள்வி.