பேரேடு யார் கையில்?

வணக்கம் நேயர்களே. கனடாவில் ஹூரன் ஏரிக்கு வடக்கே, ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் நிதி அலுவலகத்தில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே போன பிறகுதான் அறிந்துகொண்ட ஒரு படிப்பைப் பற்றி இன்று கதைக்க வந்திருக்கிறேன். முதலில் ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

அங்கே நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். கணக்காய்வு செய்த அறிக்கையை 120 நாட்களுக்குள் மக்கள் முன் வைக்க வேண்டும். ஆகவே ஜூலைக் கடைசியில், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரைகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. ஒரு மேசையில் தேநீரும் பனொக் ரொட்டியும் இருந்தன. சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையை நான் ஆங்கிலத்தில் விளக்க, ஒருவர் அந்த மக்களின் ஒஜிப்வே மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். ‘திரண்ட மிகை’ என்ற வரியில் பல மில்லியன் டொலர் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “இவ்வளவு காசு மிஞ்சியிருந்தால் என் வீட்டுக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது?”

அது கையில் இருக்கும் காசு இல்லை, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், வீதி, பள்ளிக்கூடம் எல்லாவற்றின் பெறுமானமும் அதற்குள் அடக்கம் என்றேன். மொழிபெயர்ப்பவர் கொஞ்ச நேரம் சொல் தேடினார். ஆச்சி மறுபடி கேட்டார்: “தண்ணீர் நிலையத்தை விற்கலாமா?” முடியாது என்றேன். “பிறகு அதை ஏன் மிச்சம் என்கிறீர்கள்?”

பொதுத்துறைக் கணக்கியல் விதிப்படி நான் எழுதியது சரி. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது பதிலே இல்லை. இத்தனை ஆண்டு படித்த படிப்பில் இந்த இடம் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு தனித் தகைமை இருக்கிறது. பெயர் சேர்ட்டிஃபைட் அபோரிஜினல் ஃபினான்சியல் மனேஜர், சுருக்கமாக சி.ஏ.எஃப்.எம். 1999இல் தொடங்கிய ஆஃபோவா கனடா என்ற அமைப்பு இதை வழங்குகிறது. பூர்வகுடிச் சமூகங்களின் நிதி அலுவலர்களுக்கான சங்கம் அது. நிதிக் கணக்கியல், முகாமைக் கணக்கியல், வரி போன்றவை வேறு கணக்காளரும் படிப்பவைதான். வித்தியாசம் அதற்கு மேலே இருக்கிறது. பூர்வகுடிகளுக்கான வணிகச் சட்டம், அரசோடு செய்த ஒப்பந்தங்களின் வரலாறு, சமூகத்தின் விழுமியங்களோடு ஒட்டிய தொழில் நெறி, சபைகளின் முடிவெடுக்கும் முறை என்று பாடங்கள் விரிகின்றன. கடைசியில் தொழில்முறைத் தேர்வு. வேலை அனுபவமும் வேண்டும்.

இதன் அருமை புரிய 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் அந்தச் சட்டம் ‘இந்தியர்’ என்றது பூர்வகுடிகளை. அதில் ஒரு பிரிவு, நேயர்களே, வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆனாலோ, அவருடைய ‘இந்தியர்’ என்ற சட்ட அந்தஸ்து தானாகவே போய்விடும். படிப்பா, சொந்த ஜனமா, இரண்டில் ஒன்றுதான். சில ஆண்டுகளில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் அந்தப் பயம் வீடுகளை விட்டு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. சமூகத்துக்குச் சொந்தமான பணத்தையும் அரசாங்கமே வைத்திருந்து, செலவழிக்க அனுமதி கொடுத்தது. 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காக அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதுகூடக் குற்றம். பேரேடு எப்போதும் வேறொருவர் மேசையில்தான் இருந்தது.

அது பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2011இல் ஜேம்ஸ் குடாக் கரையில் உள்ள அட்டவாபிஸ்காட் என்ற பூர்வகுடி ஊரில் வீடில்லாமல் மக்கள் கூடாரங்களில் குளிரில் கிடந்தபோது, மத்திய அரசு அவர்களின் நிதியைக் கையாள வெளியிலிருந்து ஒரு முகாமையாளரை அனுப்பியது. அது நியாயமற்ற முடிவு என்று அடுத்த ஆண்டு சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்டது வீடு. வந்தது கணக்குப் பார்க்க ஒரு ஆள்.

இப்போது கையில் வருகிற தொகையும் சின்னது இல்லை. 1850இல் அரசோடு கையெழுத்தான ரொபின்சன் ஹூரன் ஒப்பந்தப்படி நிலத்தின் வருமானம் கூடக்கூட, மக்களுக்குக் கொடுக்கும் ஆண்டுப் பணமும் கூட வேண்டும். 1875இல் அது ஆளுக்கு 4 டொலர் ஆனது. அதன் பிறகு ஏறவே இல்லை. அந்த நிலத்திலிருந்து மரமும் நிக்கலும் யுரேனியமும் போய்க்கொண்டே இருந்தன. வழக்கு நடந்து, 2023இல் 21 சமூகங்களுக்கு 10 பில்லியன் டொலர் என்று இணக்கம் வந்தது. இவ்வளவு பணம் வரும்போது ஒருவருக்கு எவ்வளவு, பொதுவில் எவ்வளவு, பிறக்காத பிள்ளைக்கு எவ்வளவு? இதைச் சபையோடும் முதியவர்களோடும் இருந்து கணக்காகப் போட்டுக் காட்ட, அந்த ஊரை அறிந்த ஒருவர் வேண்டும்.

கடன் விஷயமும் அப்படித்தான். இந்தியர் சட்டத்தின் 89ஆம் பிரிவால், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தை வங்கிக்கு ஈடு வைக்க முடியாது. ஈடு இல்லாவிட்டால் கடன் ஏது? 2005இல் வந்த நிதி முகாமைச் சட்டம் வேறு வழி திறந்தது. நிதி நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்று சான்றிதழ் பெற்ற சமூகங்கள் ஒன்றாகச் சேர்ந்து சந்தையில் கடன் பத்திரம் வெளியிடலாம். 2014இல் முதல் வெளியீடே 90 மில்லியன் டொலர். 2021இல் மிக்மாக் பூர்வகுடிச் சமூகங்கள் கிளியர்வோட்டர் கடலுணவு நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கியபோது, 250 மில்லியன் அந்த வழியில்தான் கிடைத்தது. ஒழுங்கான பேரேடே அங்கே ஈடு.

சரி, யார் இதைப் படிக்கிறார்கள்? என் பக்கத்து மேசையில் இருந்த பெண் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் சேர்ந்தவர். இரண்டு பிள்ளைகள். அவர்களை நித்திரையாக்கிவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பார். பனி கொட்டி இணையம் அறுந்தால் அலுவலகத்துக்கு வந்து இருந்து படிப்பார். பெறுமானத் தேய்வு ஒருநாளும் பிடிபடாது என்று ஒரு முறை அழுதே விட்டார். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை வைத்துக் கணக்குப் போட்டோம். வாங்கும்போது எவ்வளவு, ஐந்து பனிக்காலம் ஓடிய பிறகு எவ்வளவு? அப்புறம் என்னைவிட வேகமாகப் போட்டார்.

பூர்வகுடி அல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். ரொறன்ரோவில் கணக்கியல் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். வடக்கே வேலைக்கு வர விருப்பமென்றால் இந்தப் பாடங்களைப் படித்துவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்பேன். நான் படிக்காமல் போய், அந்த ஆச்சி முன்னால் வாயடைத்து நின்றவன். அங்கேயே பிறந்த ஒருவர் அந்தப் பதவிக்குத் தயாரானால், கதிரையை விட்டு எழும்பவும் மனம் வேண்டும்.

தேர்வில் சித்தியடைந்த ஆண்டு அறிக்கையை அந்தப் பெண்ணே வாசித்தார். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. ‘மிச்சம்’ என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. “நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை” என்ற பொருளில் ஒஜிப்வேயில் ஏதோ சொன்னார், தண்ணீர் நிலையத்தின் படத்தைக் காட்டினார். ஆச்சி தலையாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அது பழுதானால் திருத்தக் காசு எங்கே?”

அப்படி ஒரு வரி அறிக்கையில் இல்லை. அந்தப் பெண் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தண்ணீர் நிலையத்துக்கென ஒதுக்கு நிதி வந்தது.