பாயில் இருந்து சுவருக்கு எத்தனை அடி?

வணக்கம் நேயர்களே. நான் கிளிநொச்சிப் பக்கத்தில் 12 வருடமாக ரீவி திருத்துகிறேன், சுவரில் பூட்டியும் கொடுக்கிறேன். பேச வரச்சொல்லிக் கேட்டபோது, பழுதுகளை விட்டுவிட்டு அளவைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். பழுது வந்தால் திருத்தலாம். முன்அறைக்குப் பொருந்தாத ரீவியை வாங்கிவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

போன மார்கழியில் விசுவமடுவில் ஒரு வீட்டுக்கு 55 அங்குல ரீவி பூட்டப் போனேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பி, "பெரிசா வாங்குங்கோ அம்மா" என்று சொல்லியிருக்கிறார். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அந்த வீடுகள் உங்களுக்குத் தெரியும், மொத்தமே 550 சதுர அடி அளவுதான். அறைக் கதவுக்கும் குசினிக் கதவுக்கும் நடுவில் இருந்த சுவர் 4 அடி 2 அங்குலம். ரீவியின் அகலம் 4 அடி. மட்டுமட்டாகப் பொருந்தியது, பூட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வாசலால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்க இருந்தா தலை சுத்துது தம்பி. முகமெல்லாம் கரைஞ்சு போய்த் தெரியுது" என்றார். ரீவியில் ஒரு பிழையும் இல்லை. அதைப் பூட்டியவன் நான். அவரிடம் எங்கே இருந்து பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அங்குலம் என்று கடையில் சொல்வது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் அல்ல. 32 அங்குல ரீவி 28 அங்குல அகலம், 16 அங்குல உயரம். 43 என்றால் முப்பத்தேழரைக்கு 21. 55 என்றால் 48க்கு 27. முந்தி ஒரு ஜெனரேற்றரைச் சுற்றி ஊரே கூடியிருந்து பார்த்த 21 அங்குலப் பெட்டி நினைவிருக்கும். இன்றைய 32 அங்குலத் திரை பரப்பில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். கடையில் அது சின்னதாகத் தெரிவதற்குக் காரணம், கூரை உயரம், மண்டபம் பெரிது, பக்கத்தில் 65 அங்குலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நின்று கண்ணால் அளக்காதீர்கள்.

வீட்டில் அளக்க வேண்டியது தூரம். திரை நம் பார்வையில் 30 பாகை விரிந்தால் நல்லது என்பது திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. சுலபமாகச் சொன்னால், திரையின் அங்குலத்தை 1.6 ஆல் பெருக்கினால் இருக்க வேண்டிய தூரம் அங்குலத்தில் வரும், அதை 12 ஆல் பிரித்தால் அடி. 43க்கு ஐந்தே முக்கால் அடி, 55க்கு ஏழேகால் அடிக்குச் சற்று மேல்.

ஆனால் இது படம் தெளிவாக வந்தால்தான். எங்கள் வீடுகளில் பலர் பார்ப்பது டிஷ்ஷில் வரும் சாதாரண சனல்கள். அந்தப் படத்தில் மேலிருந்து கீழே 576 வரிகள்தான் இருக்கின்றன. 4கே என்று விற்கும் நுணுக்கமான திரையில் 2160 வரிகள். குறைந்த படத்தை இழுத்துப் பெரிய திரையில் விரித்தால் முகம் கரையத்தான் செய்யும். அப்படியான சனல்களுக்கு 1.6க்குப் பதிலாக, திரையின் அங்குலத்தைப்போல் இரண்டரை மடங்கு தூரம் விடச் சொல்வேன். 55 அங்குலத்துக்குப் பதினொன்றரை அடி. அந்த அம்மா விறாந்தையில் போய் இருந்ததும் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஒருவரும் சொல்லாமலே அவருடைய கண் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

சரி, உங்கள் முன்அறை பத்தடி என்று வையுங்கள். கதிரையின் முதுகுக்கு ஓரடி, ரீவி நிற்கும் மேசைக்கு ஓரடி போனால் மிச்சம் எட்டடி. டிஷ் மட்டும்தான் என்றால் 32 போதும். பிள்ளைகள் யூடியூப்பும் பார்ப்பார்கள் என்றால் 43 எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் கதிரையில் இருந்து பார்ப்பதில்லை. பாயைப் போட்டு நாலைந்து அடியில் படுத்திருப்பார்கள். அதனால் அளவு நாடாவைக் கதிரையில் இருந்து பிடிக்காமல் பாயில் இருந்து பிடியுங்கள்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆறடி உயரத்தில் பூட்டச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பாயில் இருப்பவரின் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும், கதிரையில் இருப்பவருக்கு மூன்றரை அடி. திரையின் நடு மூன்றரை அடியில் நின்றால் ஒருவருக்கும் கழுத்து நோகாது. அப்புறம், திறந்த வாசலுக்கு நேரெதிரே வைத்தால் பகலில் படத்துக்குப் பதிலாக முற்றம்தான் தெரியும்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் பழைய பேப்பரைத்தான் எடுக்கச் சொல்கிறேன். திரையின் அகலம், உயரத்துக்குத் தாள்களை ஒட்டி, வெட்டி, சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். போன கிழமை பரந்தனில் ஒரு வீட்டில் 43க்கு அப்படி ஒட்டினோம். பாயில் படுத்திருந்த சின்னவள் இந்த மூலையையும் அந்த மூலையையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கனக்கப் பெரிசு" என்றாள். அவர்கள் 32 எடுத்தார்கள். மிச்சக் காசுக்கு ஒரு ஸ்டெபிலைசரும், பிள்ளைகள் படிக்க ஒரு மேசையும் வந்தன.

வணக்கம்.