பதினொரு பீன்ஸுக்கு என்ன சமையல்?

(கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கிற பெரியம்மாக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களுக்குச் சமையல் சொல்லித்தர நான் வரவில்லை. பின்வரிசையில் இருக்கிற உங்கள் மருமகள்களோடு கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

நோட்டீசில் ‘வீட்டுத் தோட்டக் காய்கறியில் சத்தான சமையல்’ என்று போட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள் சொல்கிறேன்: சத்து என்று சொல்லி ஒரு பிள்ளையைக்கூடச் சாப்பிட வைக்க முடியாது. அதனால் அதை விட்டுவிடுவோம். இந்தக் கூடையைப் பாருங்கள். இன்று காலையில் வீட்டுக்குப் பின்னால் பறித்தது. பீன்ஸ் பதினொன்று. கேரட் இரண்டு, அதில் ஒன்றுக்கு இரண்டு கால். இலையோடு ஒரு நூல்கோல். பட்டாணி ஒரு கைப்பிடி. ஒரு மேரக்காய், சௌசௌ என்பார்களே, அதுதான். பீட்ரூட் இலை கொஞ்சம். அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்துச் சமையலையும் செய்ய முடியாது. எடுத்த எடுப்பில் ‘பீன்ஸ் கால் கிலோ’ என்பார்கள். கால் கிலோ கடைக்காரருடைய கணக்கு. செடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. இன்றைக்குப் பதினொன்று, நாளைக்கு நான்கு, அடுத்த வாரம் மடி கொள்ளாமல் தரும். நம்மில் பலர் தோட்டத்தைக் கைவிடுவது காட்டெருமையாலும் முள்ளம்பன்றியாலும் மட்டும் இல்லை. பதினொரு பீன்ஸை என்ன செய்வது என்று தெரியாததாலும்தான். செடியிலேயே முற்ற விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்க் கடையில் வாங்கி வருகிறோம். அந்தப் பீன்ஸும் நம் மலையில் விளைந்ததாகத்தான் இருக்கும். மூட்டையில் கிடந்து, இரண்டு நாள் வாடியபின் நம் சட்டிக்கு வருகிறது.

நானும் அப்படி இருந்தவள்தான். தோட்டம் போட்ட முதல் வருடம் முட்டைக்கோஸ் நாற்று இருபத்துநான்கு வாங்கி, ஒரே நாளில் நட்டேன். அவையும் ஒரே வாரத்தில் முற்றின. வேறென்ன செய்யும்? கோஸ் பொரியல், கோஸ் கூட்டு, கோஸ் வடை, கோஸ் சாம்பார். பத்தாவது நாள் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, “ஊறுகாய் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் எதிர்வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். சரி, சாத்தியது குளிருக்காகவும் இருக்கலாம்.

இப்போது எதையும் ஒரே நாளில் போடுவதில்லை. கோஸ் என்றால் நான்கு நாற்று, பதினைந்து நாள் கழித்து இன்னும் நான்கு. முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும். கேரட்டுக்கு மூன்று, மூன்றரை மாதம் ஆகும். இரண்டையும் ஒரே பாத்தியில் கலந்து விதைத்தால், கேரட் பருக்கும்போது முள்ளங்கி இடத்தைக் காலி செய்திருக்கும். இந்த விதைப்புக் கணக்கையும் நான் சமையலில்தான் சேர்ப்பேன். சட்டியில் என்ன விழப்போகிறது என்பது மண்வெட்டி எடுக்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

கூடைக்கு வருவோம். எங்கள் வீட்டில் இதற்குக் கைப்பிடிக் கூட்டு என்று பெயர். பாசிப்பருப்பு அரை டம்ளர் தனியாக வேகட்டும். காய்களை எல்லாம் ஒன்றாகப் போடாதீர்கள். கேரட்டும் நூல்கோலும் முதலில். அவை பாதி வெந்ததும் பீன்ஸும் மேரக்காயும். பட்டாணி கடைசி ஐந்து நிமிடம். கொஞ்சம் தேங்காய், கால் ஸ்பூன் சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, வெந்த பருப்பையும் சேர்த்து ஒரு கொதி. கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. நாளைக்குக் கூடையில் வேறு காய் இருந்தால் வேறு காய். மாறாதது இந்த வரிசை மட்டும்தான்: கெட்டியானது முன்னால், மெல்லியது பின்னால். பீட்ரூட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கூட்டு ரோஸ் பவுடர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

பெருங்காயம், மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் வேண்டாம். பறித்த பட்டாணியைப் பச்சையாக வாயில் போட்டுப் பாருங்கள், இனிக்கும். சாயங்காலம் வரை வைத்திருந்து தின்றால் அந்த இனிப்பு குறைந்திருக்கும். பறித்தபின் அதிலுள்ள சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கிறது. கடைப் பட்டாணிக்கு மசாலா தேவைப்படுகிறது, ஒத்துக்கொள்கிறேன். கொல்லையிலிருந்து நேராக அடுப்புக்கு வருகிற பட்டாணிக்கு உப்புப் போதும். கேரட்டும் அப்படித்தான். குளிர் மாதங்களில் பிடுங்கியதற்கு இனிப்பு கூடுதல். தோல் சீவுவது வீண், மண் போகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

அப்புறம், இலை. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறியவர்களில் நாங்களும் ஒரு வீடு. இங்கே வந்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டம்மா “என்ன சமையல்?” என்று கேட்டார். அம்மா “கீரைச் சுண்டல்” என்றார். அந்தம்மாவுக்குக் குழப்பம். சுண்டல் என்றால் கொண்டைக்கடலை, கோயிலில் கொடுப்பது. கீரையில் கடலை எங்கே என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். எங்களுக்குச் சுண்டல் என்றால் இலையை நூல் நூலாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்ட வைப்பது.

அம்மாவின் செய்முறையே வேறு. எண்ணெயே ஊற்ற மாட்டார். அரிந்த இலை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு, துருவிய தேங்காய் எல்லாவற்றையும் கையால் பிசைந்து, காய்ந்த சட்டியில் போட்டு மூன்று நான்கு நிமிடம் கிளறுவார். இறக்கியபின் எலுமிச்சை பிழிவார். பச்சை நிறம் போகவே கூடாது. இந்தப் பீட்ரூட் இலையும் நூல்கோல் இலையும் இன்றைக்குச் சுண்டலுக்குத்தான். முள்ளங்கி இலையிலும் செய்யலாம், காரம் லேசாக ஏறும். மேரக்காய்க் கொடியின் நுனித் தளிரும் நன்றாக இருக்கும். மேரக்காய்த் தோலைக்கூட எறிய வேண்டாம். உளுந்து, மிளகாய் வற்றல், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். காயை நறுக்கும்போது பிசின் கையில் ஒட்டும், தண்ணீருக்குள் வைத்து நறுக்குங்கள்.

கடையில் நூல்கோலுக்கு இலை இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வழியில் வாடும் என்று வெட்டிவிடுகிறார்கள். ஆக, ஒரே செடியில் இரண்டு சமையல் கிடைப்பது தோட்டம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இலை என்றதும் எல்லாவற்றையும் அரிந்துவிடாதீர்கள். உருளைக்கிழங்கு இலை நஞ்சு. வெயில் பட்டுப் பச்சை பிடித்த உருளைக்கிழங்கும் ஆகாது. கிழங்கு மேலே தெரிந்தால் மண்ணை அணைத்து மூடுங்கள். தோண்டியபின் இருட்டில் வையுங்கள்.

உருளைக்கிழங்கு என்றதும் ஒரு விஷயம். கேரட், கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஆதியிலிருந்தே நீலகிரிக் காய் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்த பிறகுதான் சீமைக் காய்கறிகள் இங்கே வேர் பிடித்தன. இங்கே கண்ணேரிமுக்கில் அவருடைய பங்களா இன்னும் இருக்கிறது. அதற்கு முன்பே ராகி, சாமை, கீரை, அவரை என்று இந்த மலையில் சாப்பாடு இருந்தது. என் பக்கத்து வீட்டுப் படுகர் அக்கா அந்த அவரையையும் சல்லிவன் காலத்து உருளைக்கிழங்கையும் ஒரே குழம்பில் போடுவார். காய்ந்த அவரைக்கொட்டையை இரவே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கும் வீட்டில் இடித்த மசாலாப் பொடியும் சேர்த்துக் கெட்டியாக இறக்குவார். அவர்கள் ஹிட்டு என்று சொல்கிற ராகிக் களிக்கு அதுபோல ஒரு ஜோடி இல்லை. எங்கள் வீட்டுச் சுண்டல் அந்தப் பக்கம் போகும், அவரைக் குழம்பு இந்தப் பக்கம் வரும். இருபது வருடமாக வேலிக்கு மேலே கிண்ணம் போய் வருகிறது. யார் கிண்ணம் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கீழ்நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள் கவனியுங்கள். “அம்மா வீட்டில் மூன்று விசிலில் வேகும் பருப்பு இங்கே ஏன் வேகவில்லை?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பருப்பின் மேல் குற்றம் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99. கொதி தெரிகிறது, ஆனால் சூடு குறைவு. நம் ஊர் ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு என்றாலும் கதை அதேதான். பருப்புக்கும் கொட்டைக்கும் குக்கர் வையுங்கள், இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். காய்க்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம், எடுத்து நசுக்கிப் பாருங்கள். தோசை மாவு புளிக்கவில்லை என்பது இன்னொரு புலம்பல். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எண்ணெய்ப் பாத்திரத்தை மட்டும் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். சிரிக்கிறீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும். எங்கள் சத்துணவுக் கூடத்துக் கதவை ஒரு ராத்திரி கரடி உடைத்தது. அரிசி மூட்டையைத் தொடவே இல்லை. எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மறுநாள் பதிவேட்டில் அந்த எண்ணெயை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் பட்ட பாடு தனிக் கதை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பேச்சு போதும். பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன், ஐந்தாவது விசில் உங்களுக்கும் கேட்டிருக்கும். இரண்டு பேர் முன்னால் வாருங்கள். ஒருவர் இந்த இலையை அரியுங்கள், நூல் நூலாக. பின்வரிசைத் தங்கச்சி, தேங்காய் துருவத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வா. பதினொரு பீன்ஸ் இத்தனை பேருக்கு எப்படிப் போதும் என்று அந்தப் பெரியம்மா கேட்கிறார். போதாது, பெரியம்மா. அதனால்தான் உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பையைத் திறங்கள், என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.