ஆன் வில்சனின் கோபம்

நேயர்களுக்கு வணக்கம். ஹார்ட் றொக், அதாவது மின் கிற்றார் அதிரும் முரட்டு றொக் இசை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். திருகோணமலையில் இசைக்குழு என்றால் கோயில் திருவிழா மேடை, கீபோர்ட், சினிமாப் பாட்டு. பாடகி வருவார், கொடுத்த பாட்டைப் பாடுவார், போவார். எதைப் பாடுவது, எந்தச் சுருதியில் பாடுவது என்பதெல்லாம் குழுவை நடத்துபவர் பாடு. அதனாலேயே 'ஹார்ட்', அதாவது இதயம் என்று பொருள்படும் பெயர் கொண்ட அமெரிக்கக் குழுவை எடுத்துக்கொண்டேன். பாடகி ஆன் வில்சன், கிற்றார் தங்கை நான்சி. இவர்கள் கதையில் பாதி, யார் முடிவெடுப்பது என்கிற இழுபறிதான்.

வளர்ந்தது சியாட்டில் பக்கம். வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்த காலம் அது. பிடிபடாமல் கனடாவுக்குப் போன காதலனின் பின்னால் ஆனும் வன்கூவர் போனார். ஊரை விட்டு ஏன் ஓடினார்கள் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே மஷ்ரூம் என்ற சின்னக் கம்பெனி 1975இல் முதல் இசைத்தட்டான 'ட்ரீம்போட் ஆனி'யை வெளியிட்டது. அதில் 'கிரேஸி ஆன் யூ' என்றொரு பாட்டு. முதலில் நான்சியின் மரக் கிற்றார் மட்டும் தனியே ஓடும். பிறகு மின் கிற்றார் வந்து விழும். ஆன் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத்தான் தொடங்குவார். பல்லவிக்கு வரும்போது அதே குரல் கூரையைத் தூக்கும்.

தட்டு நன்றாக விற்றது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அக்கா தங்கையைக் காதலர்கள்போலக் காட்டி ஒரு பத்திரிகை விளம்பரம் போட்டது. ஒரு நிகழ்ச்சி முடிந்து நின்ற ஆனிடம் ஒருவர் வந்து, "உங்கள் காதலர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அவர் கேட்டது நான்சியை. ஆன் ஹோட்டல் அறைக்குப் போய் எழுதிய வரிகள்தான் 1977இல் வந்த 'பாரகூடா'. நம் மீன் சந்தையில் சீலா என்று விற்கிறார்களே, அந்தப் பல்லுக்கார மீன். கிற்றார் குதிரைப் பாய்ச்சலாகத் தொடங்கும். மேலே ஆனின் குரல். திட்டுவது என்றால் இப்படித் திட்ட வேண்டும்.

எண்பதுகளில் கம்பெனி மாறியது, காசும் வந்தது. 1985இல் வந்த 'ஹார்ட்' தட்டு அமெரிக்காவில் முதலிடம். 1987இல் 'அலோன்' பாட்டும் முதலிடம். ஆனால் அந்தக் கால வெற்றிப் பாட்டுகளில் பல வெளியார் எழுதியவை. வீடியோவிலோ ஆன் கொஞ்சம் பருமன் என்று கமெரா அவரை நிழலில் வைத்தோ முகத்தை மட்டும் காட்டியோ விட்டுவிட்டு நான்சி பக்கம் ஓடும். பாடுகிறவரை மறைத்துப் பாட்டை விற்றார்கள். 'அலோன்' உச்சத்தில் அந்தக் குரலைக் கேட்டால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று தோன்றும். சரி, வியாபாரம்.

2012 டிசம்பரில் வாஷிங்டனில் லெட் செப்பெலின் என்ற பிரித்தானிய றொக் குழுவைக் கௌரவித்த விழாவில், அவர்களுடைய 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டை அவர்கள் முன்னாலேயே இந்தச் சகோதரிகள் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பாடிப் புகழ்பெற்ற ரொபர்ட் பிளான்ட் கண்கலங்கி இருந்ததை இணையத்தில் இன்றும் பார்க்கலாம். அடுத்த வருடம் 'ஹார்ட்' குழு, றொக் கலைஞர்களுக்கான புகழ் மன்றமான றொக் அண்ட் றோல் ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்ந்தது. அப்புறம் சகோதரிகளுக்குள் குடும்பச் சண்டை, பிரிவு, மறுபடி சேர்க்கை. 2024இல் ஆனுக்குப் புற்றுநோய் என்று பயணத்தை நிறுத்தினார்கள். 2025இல் எழுபத்துநான்கு வயதில் மறுபடி மேடைக்கு வந்துவிட்டார்.

புதிதாகக் கேட்பவர்கள் எண்பதுகளில் தொடங்காதீர்கள். முதல் தட்டையும் 'லிட்டில் குயீன்' தட்டையும் கேளுங்கள். 'பாரகூடா' இரண்டாவதில்தான் இருக்கிறது. இப்போது நிலையத்தார் அதைப் போடுகிறார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.