கொண்டை நிற்கணும், ஸ்ப்ரே தெரியக் கூடாது

வணக்கம். நான் காரைக்குடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன், சுற்று வட்டாரத்துக் கல்யாண வீடுகளுக்குப் போய் மணப்பெண் அலங்காரமும் செய்கிறேன். முடியைப் பற்றி ரேடியோவில் பேசுவது கொஞ்சம் விநோதம்தான், தொட்டுக் காட்டவும் முடியாது, கண்ணாடியைத் திருப்பிக் காட்டவும் முடியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தம் இல்லாத வீடு குறைவு. அவர்கள் லீவுக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டும் கோடாலித் தைலமும் வந்த காலம் போய், இப்போது கூடவே ஒரு டெக்ஸ்சரைசிங் ஸ்ப்ரேயும் வருகிறது. அதை வாங்கிக்கொண்ட பெண் நேராக என்னிடம் வந்து, "அக்கா, இது ஹேர் ஸ்ப்ரேயா, ஷாம்புவா, இதை எப்ப அடிக்கணும்?" என்று கேட்கிறாள்.

இரண்டுமே இல்லை. முடிக்குப் பிடிப்பு கொடுக்கிற பொருள் அது, அவ்வளவுதான். முடி ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஷாம்பு போட்டு, கண்டிஷனர் போட்டு, அதற்கு மேல் பளபளப்புக்குப் பூசுகிற சீரமும் தடவினால் அந்தச் செதில்கள் நன்றாகப் படிந்து முடி வழுவழுவென்று ஆகிவிடும், பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அந்த முடியில் ஒரு கொண்டை ஊசி நிற்காது, பின்னல் பத்து நிமிடத்தில் நெகிழும், உச்சியில் தூக்கி வைத்த முடி மண்டையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இந்த ஸ்ப்ரே என்ன செய்கிறதென்றால், முடிகளுக்கு நடுவே மிக நுண்ணிய மாவுத் துகளையும், காய்ந்தால் மெல்லிய படலமாக ஆகிற ஒரு பாலிமரையும் தூவுகிறது. முடிக்கு முடி கொஞ்சம் உரசுகிறது, கொஞ்சம் விலகி நிற்கிறது, அந்த இடைவெளிதான் நமக்கு அடர்த்தியாகத் தெரிகிறது. முடி கூடிவிடவில்லை, உள்ள முடி எழுந்து நிற்கிறது. அடர்த்தியாக வளர வைக்கும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

ஹேர் ஸ்ப்ரே வேறு. அதில் பாலிமர் அதிகம், செய்து முடித்த அலங்காரத்தை அப்படியே கட்டிப்போடுகிற கடைசி வேலைக்கு அது. டிரை ஷாம்பு, அதாவது தண்ணீர் இல்லாமல் போடுகிற ஷாம்பு, வேர்ப் பக்கத்து எண்ணெயை உறிஞ்சுவதற்கு. டெக்ஸ்சரைசிங் ஸ்ப்ரே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அடித்த பிறகும் விரலை விட்டுக் கோதலாம், கலைத்துத் திரும்பக் கட்டலாம். அதனால்தான் முடி இயல்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்கிறேன், ஹேர் ஸ்ப்ரேயைச் சொல்வதில்லை.

சரி, இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று மலைக்கவும் வேண்டாம். நம் வீட்டு அப்பத்தாக்களுக்குச் சின்ன வயதில் சீரமும் கிடையாது, ஸ்ப்ரேயும் கிடையாது, கொண்டை மட்டும் ஒற்றை ஊசியில் நாள் முழுக்க நிற்குமாம். எப்படி? சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்துக் குளித்தார்கள், சிலர் அரப்புப் பொடி போட்டார்கள். சீயக்காயிலும் அரப்பிலும் இருக்கிற சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள் எண்ணெயை எடுத்துவிடும், கண்டிஷனர் மாதிரி வழுக்கலாகப் பூசிவிடாது. கஞ்சியில் இருப்பது அரிசி ஸ்டார்ச். இன்றைக்கு விலையுயர்ந்த டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்தால் அங்கேயும் அரிசி ஸ்டார்ச்சோ மரவள்ளி ஸ்டார்ச்சோ எழுதியிருக்கும். இன்னமும் சீயக்காய் போடுகிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஸ்ப்ரே பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம், கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் உங்கள் முடியைப் பாருங்கள், அப்புறம் டப்பாவைப் பாருங்கள். கடையில் இரண்டு ஜாதி கிடைக்கும். ஒன்று மாவு வகை, ஸ்டார்ச்சோ, சிலிக்கா, சியோலைட் போன்ற தாதுப் பொடிகளோ இருக்கும், பெரும்பாலும் கேஸ் அடைத்த டப்பாவில் வரும். இன்னொன்று உப்பு வகை, கடல் உப்பு ஸ்ப்ரே என்பார்கள், தண்ணீரில் சோடியம் குளோரைடோ மக்னீசியம் சல்ஃபேட்டோ கரைத்திருக்கும், கையால் அழுத்தி அடிக்கிற பாட்டில். கடலில் குளித்துவிட்டு வந்தால் முடி மொரமொரவென்று அலையாக நிற்குமே, அந்தத் தோற்றத்துக்காகச் செய்தது.

மெல்லிய கோரை முடி, சீக்கிரம் எண்ணெய் வழிகிற தலை என்றால் மாவு வகையே போதும். முடி தடித்து, லேசாக அலை இருந்து, வறட்சி இல்லாவிட்டால் உப்பு வகையை எப்போதாவது போடலாம். சுருட்டை முடிக்கும், டை அடித்த முடிக்கும், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடிக்கும் உப்பு ஸ்ப்ரேயை நான் கையால் தொடுவதில்லை, உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஏற்கெனவே காய்ந்த முடி இன்னும் காய்ந்து நுனி வெடிக்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இயற்கையிலேயே பிடிப்பு உண்டு, அவர்களுக்கு வேண்டியது ஈரப்பசை, இந்தச் செலவு வேண்டாம். நம் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. போர் தண்ணீரில் குளிக்கிற வீடுகள் பல, தண்ணீர் கடினமாக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து முடி தானாகவே சொரசொரப்பாக இருக்கும், அதன் மேல் காசு கொடுத்து உப்பு வாங்கி அடிப்பானேன்.

நம் கறுப்பு முடிக்கு முக்கியமான சோதனை ஒன்று சொல்கிறேன். மாவு வகை சிலவற்றை அடித்தால் முடி சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத் தெரியும். செம்பட்டை முடிக்காரர்களின் நாட்டில் அது யார் கண்ணுக்கும் படாது, இங்கே போட்டோவில் பிளாஷ் விழுந்ததும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கடையில் சாம்பிள் இருந்தால் பின்னலின் நுனியில் கொஞ்சம் அடித்து, ஒரு நிமிடம் விட்டு, விரலால் தேய்த்து, வாசலுக்குப் போய் வெயிலில் பாருங்கள். கடை டியூப் லைட்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். லேபிளில் பொருள்கள் பெரும்பாலும் அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதியிருக்கும், தொடக்கத்திலேயே ஆல்கஹால் இருந்தால் சீக்கிரம் காயும், ஆனால் அடிக்கடி போட்டால் வறட்சி வரும். பிவிபி என்கிற பாலிமர் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் அது பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில் தொந்தரவு செய்யாத அதே டப்பா மழைக்காலத்தில் ஏன் ஒட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனி அடிக்கிற முறை. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மாவு வகையை அடித்தால் களிம்பாகிவிடும், அப்புறம் சீப்பு போகாது. அதற்காக எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை, தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஆய்வே இருக்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு சனிக்கிழமை விசேஷத்துக்குப் போகிறவளின் முடிதான் எனக்குக் கையில் பிடிக்க மிகவும் சௌகரியம், குளித்த மறுநாள் முடியில் வழுக்கலும் இருக்காது, அழுக்கும் இருக்காது. கல்யாணப் பெண்களிடம் அதனால்தான் முகூர்த்தத்தன்று காலையில் தலைக்குக் குளிக்க வேண்டாம், முந்தின நாளே குளித்துவிடு, கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடு, சீரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு கதை.

டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள், மாவு அடியில் தங்கியிருக்கும். முடியைப் பாகம் பாகமாகத் தூக்கிப் பிடித்து, முக்கால் அடி தள்ளி வைத்து, முடியின் நடுப்பகுதியில், உள்பக்கமாக, சுருக்கமாக ஒரு முறை அடித்துவிட்டுக் கையை நகர்த்துங்கள். மேலாக வகிட்டைப் பார்த்து அடிப்பதுதான் பலர் செய்வது, அப்படிச் செய்தால் பூசியது தெரியும், உள்ளே ஒன்றும் போய்ச் சேராது. அடித்ததும் தொடாமல் சில நொடி விட்டு, தலையைக் குனிந்து விரலால் உதறுங்கள், பிறகு அலை வேண்டுமானால் நுனியைக் கையில் அள்ளி மெதுவாகக் கசக்கி விடுங்கள். சீப்பு வேண்டாம், சீப்பு போட்டால் கிடைத்த பிடிப்பெல்லாம் போய்விடும். போதுமா என்று சந்தேகமாக இருந்தால் போதும் என்று அர்த்தம். கையால் தொடும்போது பவுடர் தெரிந்தாலோ, கோதும்போது விரல் மாட்டினாலோ அளவு மீறிவிட்டது.

கொண்டைக்கு என்றால் கொஞ்சம் மாறும். கட்டுவதற்கு முன்னால் முடி முழுதுக்கும் லேசாக அடித்துவிட்டு, ஊசிகளின் மேலேயும் ஒரு தடவை அடித்துக்கொள்வேன், ஊசி வழுகி இறங்காது. பூ கனமானது, நாலு முழம் மல்லிகையும் ஜடை அலங்காரமும் ஏறிய பிறகு வழுக்கும் முடி தாங்காது. சவுரி வைக்கிறவர்கள் சொந்த முடியில் அடித்து அதன்மேல் சவுரியைச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் பூ வைத்த பிறகு ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஆல்கஹால் பட்டால் மல்லிகை பழுத்துப்போகும்.

ஒரு கல்யாண வீட்டில் நான் டப்பாவைக் குலுக்கி அடிக்கத் தொடங்கியதும் பெண்ணின் ஆயா, "என்ன ஆத்தா, பிள்ளை தலைக்குப் பூச்சி மருந்தா அடிக்கிறே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் சரித்திரப்படி ஆயா சொன்னதில் தவறே இல்லை. இந்த மாதிரி கேஸ் டப்பா புழக்கத்துக்கு வந்ததே இரண்டாம் உலகப்போரில், அமெரிக்கச் சிப்பாய்களைக் கடிக்கிற கொசுவைக் கொல்லத்தான், குட்ஹியூ, சல்லிவன் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். தலைமுடிக்கு வந்தது போருக்கு அப்புறம், 1950-களில் வந்த ஹேர் ஸ்ப்ரேயில் பிடிப்புக்கு அரக்கைக் கரைத்து ஊற்றினார்கள். அப்போது டப்பாவுக்குள் இருந்த கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதைக் கைவிட்டார்கள். இப்போது பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது உங்கள் சமையல் சிலிண்டரில் இருக்கிற அதே கேஸ்.

ஆகவே இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குத்துவிளக்கு எரிகிற இடத்தில், ஆரத்திக் கற்பூரம் பக்கத்தில், அடுப்படியில் அடிக்கக் கூடாது. மணமேடைக்குப் போகுமுன் ஸ்ப்ரே நன்றாகக் காய்ந்து வாடை அடங்கியிருக்க வேண்டும், ஓமத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டச்சப் என்று டப்பாவை எடுத்துப்போகிற வேலையே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடிக்கும்போது முகத்தைக் கையால் மறையுங்கள், ஆஸ்துமா இருப்பவர்கள் கேஸ் டப்பாவை விட்டுவிட்டுக் கையால் அழுத்துகிற பாட்டிலுக்கு மாறுவது நல்லது, அதையும் முகத்துக்குத் தள்ளியே அடிக்க வேண்டும். 2022 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி தன் டிரை ஷாம்பு கேஸ் டப்பாக்கள் பலவற்றை, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்கிற ரசாயனம் கலந்திருக்கலாம் என்று திரும்ப வாங்கியது. அதைக் கேட்டுப் பயந்து கையிலிருப்பதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஆனால் விசேஷத்துக்கு விசேஷம் எடுக்கிற பொருளாகவே இது இருக்கட்டும். வாசனை ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம் அடித்து ஒரு நாள் பாருங்கள்.

அடித்த அன்று இரவே சிக்கைக் கையால் பிரித்து, நுனியிலிருந்து மேலாகச் சீவி, மறுநாள் தலைக்குக் குளித்துவிட வேண்டும். படிந்ததன் மேலேயே திரும்பத் திரும்ப அடித்தால் தலை அரிக்கும், செதில் உதிரும், பொடுகு என்று நினைத்து அதற்கு வேறு மருந்து வாங்குவோம். குளிக்கும்போது கையோடு வருகிற முடியைப் பார்த்து ஸ்ப்ரே முடியைக் கொட்ட வைக்கிறது என்று அழுகிறவர்கள் உண்டு. தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது, ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் நடப்பது, கொண்டையில் மாட்டி நின்றது எல்லாம் சேர்ந்து குளியலறையில் விழுகிறது.

டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடேறுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும், அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திய கார் அதைத் தாண்டிவிடும், டேஷ்போர்டில் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். காலியான டப்பாவைக் குத்தி ஓட்டை போட வேண்டாம், போகியன்று பழசு எல்லாவற்றையும் கொளுத்துகிறபோது அதையும் சேர்த்துப் போட்டுவிடவும் வேண்டாம், காலி என்று நினைக்கிற டப்பாவிலும் கேஸ் மிச்சம் இருக்கும், வெடிக்கும். நன்றி, வணக்கம்.