பிப்ரவரி 11-இல் நின்ற காலண்டர்

வணக்கம். இன்று டிசம்பர் 31, இரவு எட்டரை மணி. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா உள்ளறையில் தூங்குகிறார், அதனால் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. சரியாகக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மாதங்களுக்கு மேலாக இங்கே நான் ஒரு வீடியோவும் போடவில்லை. என்ன ஆயிற்று, நலமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. இன்று அதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். தினசரி காலண்டர், 2025-க்கானது. மேலே இருக்கும் தாளில் தேதி தெரிகிறதா? பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. தைப்பூசம் என்பதால் எண் சிவப்பில் இருக்கிறது. ஆண்டின் கடைசி இரவில் எங்கள் வீட்டில் இன்னும் பிப்ரவரி 11தான்.

எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை. வேறு யாரும் தொட மாட்டோம். காலையில் முகம் கழுவியதும் முந்தின நாள் தாளைக் கிழிப்பார், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அல்லவா, அதில்தான் கடைகளுக்குப் போய் அளவு குறித்துக்கொண்டு வருவார். அப்பா போர்டு எழுதுகிறவர். 1957-இல் பிறந்தவர், பதினைந்து வயதில் பிரஷ் பிடித்தவர். அன்றைக்கும் பத்தாம் தேதித் தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டுதான் டீ குடிக்க உட்கார்ந்தார். டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவருக்குக் கை எழவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா “ஒன்றுமில்லை, தூக்கம் போதவில்லை” என்றார். நாங்களும் நம்பிப் படுக்க வைத்தோம். வாய் ஒரு பக்கம் கோணியதைப் பார்த்த பிறகுதான் ஓடினோம். அதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போடவும் முடியாது. ஆகவே முகம் ஒரு பக்கம் இறங்கினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். என் மேல் பிரியம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் வீட்டில் இன்றிரவே சொல்லிவைக்க வேண்டும்.

அப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு மெல்லத் திரும்பியது, சொற்கள் இன்னும் வழுக்குகின்றன. வலது கால் இழுத்து இழுத்து நடக்கிறது. வலது கை வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கியே இருக்கின்றன.

என் வேலையும் போனது. ஒன்பது வருடங்கள் சிவகாசியில் காலண்டர் வடிவமைக்கும் இடம் ஒன்றில் இருந்தேன். நீண்ட விடுப்பு கேட்டேன், மூன்றாவது மாதம் வேறு ஆள் பார்த்துக்கொண்டோம் என்றார்கள். கடை வாடகை கட்ட முடியாமல் அப்பாவின் கடையை அக்டோபரில் காலி செய்தோம். இவற்றை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்களில் பலர் இதைவிடக் கடுமையான வருடத்தைக் கடந்து வந்திருக்கிறீர்கள்.

ஆனால் ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவகாசியில் புத்தாண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, ஆடிப்பெருக்கில் பிறக்கிறது. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடி 18-இல் பூஜை போட்டு வெளியிடுவார்கள், ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு வருடத்தின் பாதியிலேயே அடுத்த வருடம் கைக்கு வந்துவிடும். ஒன்பது வருடங்கள் நான் அப்படித்தான் வாழ்ந்தேன். தீபாவளி எந்தக் கிழமை, பொங்கல் எந்தக் கிழமை என்று ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியும். இந்த ஆடி 18 அன்று அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வருடம் தயாராகிக்கொண்டிருக்கிறது, அதில் நாங்கள் இல்லை என்று தோன்றியது. இந்த வருடத்தில் நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். இயன்முறைப் பயிற்சிக்கு வருகிறவர் துணி கிளிப்புகளைக் கொடுத்து ஒரு கயிற்றில் மாட்டச் சொல்வார், பந்தைப் பிசையச் சொல்வார். அப்பா இரண்டு நாள் செய்தார், மூன்றாம் நாள் கிளிப் டப்பாவைத் தள்ளிவிட்டார். கோபம் இல்லை, வெட்கம். நாலு மாடிச் சுவரில் சாரம் கட்டி, ஓர் ஆள் உயர எழுத்து எழுதிய கை அது. “தாயி, பிரஷ்” என்றார்.

கடையைக் காலி செய்தபோது கொண்டுவந்த சாக்குப்பை திண்ணையிலேயே கிடந்தது. அதற்குள் தட்டை பிரஷ்கள், நூலடிக்கிற நூல், கை நடுங்காமல் தாங்கிக்கொள்ளும் குச்சி, அதன் நுனியில் அப்பா சுற்றிய துணிப்பந்து எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு பிரஷ்ஷை எடுத்துக் கழுவி, போஸ்டர் கலரைக் கரைத்துக் கொடுத்தேன். இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பழைய செய்தித்தாளில் மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு வலப்பக்கமாக ஒரு கோடு. ட.

அ எழுதுவார் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. தொழில் கற்க வருகிற பையன்களுக்கு அப்பா அகர வரிசையில் சொல்லிக்கொடுக்க மாட்டார். கை எதைத் தாங்குமோ அந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பார். முதலில் ட. பிறகு ப. பிறகு ம, ய. வளைவு பழகிய பிறகு வ, ல, ள. எல்லாம் முடிந்து கடைசியில்தான் அ, இ, ஞ, ழ. இத்தனை வருடம் பையன்களுக்குச் சொன்ன பாடத்தை அன்றைக்குத் தன் இடது கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எழுத்தின் உடம்பைப் பற்றி அப்பா சொல்லும் ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். இந்தத் தாளில் ம எழுதியிருக்கிறேன். கறுப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே நிற்கிற வெள்ளையைப் பாருங்கள். அதை அவர் எழுத்தின் வயிறு என்பார். வயிறு சுருங்கினால் தூரத்திலிருந்து வாசிக்க முடியாது, பெருத்தால் பக்கத்து எழுத்து நெருங்கி நசுங்கும். “எழுதுவது கறுப்பு, நிற்பது வெள்ளை” என்பார். சிறுவயதில் இது எனக்குப் புரியவில்லை. ஒன்பது வருடம் கணினியில் எழுத்துகளை நகர்த்தியபோது பாதி புரிந்தது. இந்த நவம்பரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரஷ் பிடித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

அன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் எழுத்துதான். அப்பாவுக்குப் பழைய கதைகளும் திரும்பி வந்தன. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திக் காட்டிய வடிவங்கள் அவை. மாறியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதற்கு முன்னால் லை என்ற எழுத்துக்கு முன்புறம் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஏறி நிற்கும். ‘காவல் நிலையம்’, ‘பேருந்து நிலையம்’, ‘நியாய விலைக் கடை’ என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் அதில் ஒரு லை இருக்கும் அல்லவா? அந்த வருடங்களில் துதிக்கையை அழித்து எழுதியே பல நாள் கூலி வாங்கியதாக அப்பா சொன்னார். சொல்லிவிட்டு, “புது லை கைக்கு வர எனக்கு ஒரு மாசம் ஆயிற்று” என்றார். பழகிய கை மறுபடி பழகும் என்பதை அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை, வேலைக் கணக்காகச் சொன்னார். அதனால்தான் அது எனக்குள் இறங்கியது.

இந்தக் காலண்டரை நான் ஏன் இத்தனை நாள் கழற்றவில்லை என்றால், தைரியம் இல்லை. பத்து மாதத்தை மொத்தமாகக் கிழித்துக் குப்பையில் போட மனம் வரவில்லை. போன வாரம்தான் தாள்களை எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி 11-ஐயும் சேர்த்து 324 தாள்கள் கிழிபடாமல் இருக்கின்றன. தமிழ் எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எண்ணி முடித்ததும் எழுந்து போய் அப்பாவிடம் காட்டினேன்.

நாளையிலிருந்து ஒரு நாளுக்கு ஓர் எழுத்து. இந்தத் தாள்களின் பின்பக்கத்தில். தாளின் இடது பாதியில் அப்பா தன் இடது கையால் எழுதுவார், வலது பாதியில் நான் எழுதுவேன். ஒருநாளும் விடாமல் போனால் 247-ஆவது எழுத்து செப்டம்பர் 4 அன்று முடியும். மீதி இருப்பவை 77 தாள்கள். அவற்றில் பதின்மூன்று, துதிக்கை லை முதலிய பழைய வடிவங்களுக்கு. அப்பாவைத் தவிர இதை எனக்கு எழுதிக் காட்ட இந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. பிறகு ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். மற்றவை பிழையாகப் போகும் நாள்களுக்கு. அந்த நாள்கள் வரும், அவற்றுக்கும் தாள் இருக்கிறது.

தினமும் வீடியோ வராது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, ஏழு எழுத்துகளையும் சேர்த்துக் காட்டுகிறேன். நீங்களும் எழுதினால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பிரஷ் வாங்க வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரின் பழைய தாளும் ஒரு பேனாவும் போதும். வயிற்றை மட்டும் கவனியுங்கள்.

மருத்துவமனையில் அப்பாவின் சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பையில் பிப்ரவரி 10-ஆம் தேதித் தாள் அப்படியே மடித்து இருந்தது. எந்த அளவும் குறிக்கவில்லை. அதையும் இந்தக் கட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்பா எழுந்துவிட்டார் போலிருக்கிறது, கூப்பிடுகிறார். விளக்கை அணைப்பதற்கு முன் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். நாளைக்கு என்று சொன்னேன் அல்லவா, அவர் பொறுக்கவில்லை. மாலையிலேயே காலண்டரை மடியில் வைக்கச் சொல்லி, இந்தச் சிவப்புத் தாளை இடது கையாலேயே கிழித்தார். அதைத்தான் காலண்டரின் மேலேயே திரும்ப வைத்து முதலில் உங்களுக்குக் காட்டினேன். ஓரம் கோணலாகக் கிழிந்திருக்கிறது, பாருங்கள். இப்போது திருப்புகிறேன். தாள் மெல்லியது, அதனால் பின்னாலிருந்து 11 மங்கலாகத் தெரிகிறது. அதன் மேல் இதோ, ட. நேர்க்கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. வலது பாதி காலியாக இருக்கிறது, நாளைக் காலையில் நான் எழுத.

இருங்கள் அப்பா, வருகிறேன்.